மோதிரமும் கோலும்: முடியரசும் திருச்சபையும் எழுதிய கடிதங்கள்

கடிதம் எழுதத் தொடங்கும் ஒருவர் முதலில் எழுதுவது விளி. தந்தையாருக்கு எழுதுங்கால் ஒருவகையாக விளிக்கிறோம். நண்பருக்கு எழுதுங்கால் வேறுவகையாக விளிக்கிறோம். முன்பின் அறியாத அலுவலருக்கு மற்றொருவகை. மனம் மாறுபட்ட ஒருவருக்கு எழுத நேர்ந்தாலோ, அவரை எவ்வாறு விளிப்பது என்று எழுதுகோலைக் கையில் பிடித்தபடியே சிறிது நேரம் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்திலேயே உறவின் நிலை முழுதும் அடங்கியிருக்கிறது. கடிதத்தின் உள்ளே என்ன எழுதப்போகிறோம் என்பதை அதன் முதல் வரியே பாதி சொல்லிவிடுகிறது.

தனி மனிதர்க்குள் நிகழும் இச்செய்தி, பேரரசுகளுக்கு இடையிலும் நிகழ்ந்திருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றிக்கும், உரோமாபுரியில் வீற்றிருந்த போப்பாண்டவர் ஏழாம் கிரிகோரிக்கும் இடையே மூண்ட பெரும்பூசல், கடித விளிகளிலேயே வளர்ந்து முற்றியது. அவ்விருவரும் எழுதிய கடிதங்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. கிரிகோரியின் கடிதங்களில் 300க்கு மேற்பட்டவற்றின் படிகளைக் கொண்ட பதிவேடு ஒன்று வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஹென்றியின் பெயரால் எழுதப்பெற்ற கடிதங்களும் 40 அளவில் தொகுக்கப்பட்டுள்ளன. அக்கடிதங்கள் எழுப்பும் வினா ஒன்றே. தவறிழைத்த அரசரை நோக்கி, நீர் தவறிழைத்தீர் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அவ்வுரிமை உடையவர் தாமே எல்லை கடப்பாராயின், அவரைத் தடுப்பவர் யார்? இவ்வினா ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று. ஆதலின் அக்கடிதங்களைச் சிறிது விரிவாகக் காண்போம்.

இப்பூசலை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்னே எழுதப்பெற்ற இரண்டு கடிதங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தார் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டிய கடிதங்கள் அவை.

முதற்கடிதம் 390ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கா நகரில் மக்கள் கலகம் விளைத்து, அங்கிருந்த படைத்தலைவரைக் கொன்றுவிட்டனர். தேரோட்டும் வீரன் ஒருவனைச் சிறையிலிட்டதே கலகத்தின் காரணம் என்பர். செய்தி கேட்டுச் சினங்கொண்ட உரோமப் பேரரசர் தியோடோசியஸ், அந்நகரைத் தண்டிக்க ஆணையிட்டார். படைவீரர்கள் குற்றமுடையார், குற்றமற்றார் என்று பாராமல் மக்களை வெட்டி வீழ்த்தினர். இறந்தோர் 7,000 பேர் என்று பிற்கால ஆசிரியர் ஒருவர் எழுதினார். அப்பொழுது மிலான் நகரில் ஆயராக இருந்தவர் அம்புரோஸ். அவர் அரசவைக்குச் சென்று முழங்கவில்லை. மக்களைத் திரட்டவும் இல்லை. நகரை விட்டு அகன்றிருந்து, பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்தர் எவரையும் அமர்த்தாமல் தம் கையாலேயே எழுதினார். பேரரசர் ஒருவரே படித்தற்கு உரியது என்றும் குறித்தார். பழைய இசுரவேல் நாட்டு மன்னர் தாவீது, தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருந்திய வரலாற்றை அதில் நினைவூட்டினார். நீர் கோயிலுக்கு வருவீராயின் என்னால் வழிபாடு நிகழ்த்த இயலாது என்று பணிவோடும் உறுதியோடும் கூறினார். பேரரசர் அக்கடிதத்தைப் புறக்கணிக்கவில்லை. அரச அணிகளை நீக்கி, மக்கள் காணக் கோயிலில் தம் குற்றத்துக்கு வருந்தினார். அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒட்டி அவர் மீண்டும் வழிபாட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இங்கே நாம் கருதற்குரியது ஒன்று உண்டு. அம்புரோஸ் பேரரசரின் முடியைத் தொடவில்லை. கோயில் வாயிலில் மட்டுமே அவரைத் தடுத்தார். அரசு கட்டிலில் அவரை இருக்கவிட்டார்.

இரண்டாம் கடிதம் 494ஆம் ஆண்டுக்கு உரியது. போப்பாண்டவர் ஜெலாசியஸ், கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேரரசர் அனஸ்தாசியசுக்கு அதை எழுதினார். கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிளவுபட்டிருந்த காலம் அது. அக்கடிதத்தின் கருத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். இவ்வுலகை ஆள்வன இரண்டு. ஒன்று குருமாரின் தூய அதிகாரம், மற்றொன்று அரசரின் ஆட்சி வலிமை. இவ்விரண்டனுள் குருமாரின் சுமையே பெரிது. ஏனெனில் இறைவன் திருமுன் அரசர்களுக்காகவும் அவர்களே கணக்கு ஒப்புவித்தல் வேண்டும். ஆயினும் நாட்டின் பொது ஒழுங்கைப் பற்றிய செய்திகளில், பேரரசருக்கு ஆட்சியை அளித்தவன் இறைவனே என்பதை உணர்ந்து, ஆயர்களும் அவருடைய சட்டங்களுக்குக் கீழ்ப்படிகின்றனர். இக்கருத்து ஒரு துலாக்கோல் போன்றது. ஒரு தட்டில் குருமாரின் பெருமையும், மறுதட்டில் சட்டத்துக்குப் பணியும் கடமையும் வைக்கப்பட்டுள்ளன. ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் துலாக்கோல் சாய்ந்துவிடும். பிற்காலத்தில் நிகழ்ந்தது அதுவே.

இனி 11ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். அக்கால ஜெர்மனியில் ஆயர்கள் சமயத் தலைவர்கள் மட்டும் அல்லர், பெருநிலக்கிழார்களும் ஆவர். ஊர்களும் கோட்டைகளும் சுங்கங்களும் அவர்கள் ஆட்சியில் இருந்தன. அரசருடைய படைக்கு வீரர்களை அனுப்பும் கடமை அவர்களுக்கு உண்டு. பரம்பரைக் கோமக்களின் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். மணமில்லா ஆயரின் நிலமோ அவர் இறந்ததும் அரசர் விரும்பிய வேறொருவர்க்குச் செல்லும். ஆதலால் அரசர்கள் கோமக்களைக் காட்டிலும் ஆயர்களையே பெரிதும் நம்பினர். புதிய ஆயர் ஒருவர் பதவியேற்கும்பொழுது, அரசர் தம் கையாலேயே மோதிரத்தையும் ஆயர்கோலையும் அவரிடம் அளிப்பார். மோதிரம், அவர் திருச்சபையோடு கொண்ட பிணைப்புக்கு அடையாளம். கோல், மந்தையை மேய்க்கும் பணிக்கு அடையாளம். சமயப் பணியின் அடையாளங்களை அரசர் வழங்குவது முறையா என்று சீர்திருத்தம் விரும்பிய துறவியர் வினவினர். பொருள் கொடுத்துப் பதவி வாங்கும் வழக்கமும் பரவியிருந்தமையால், அவ்வினா மேலும் கூர்மை பெற்றது. அரசர் பக்கத்திலோ இதற்கு எளிய விடை இருந்தது. நிலத்தையும் படையையும் அளிப்பவர் நாம். அவற்றைப் பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் நமக்கே உண்டு என்றனர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தமையே பூசலைத் தீர்த்தற்கரிய பூசலாக்கியது.

ஹென்றி 1050ஆம் ஆண்டில் பிறந்தவர். ஆறு வயது நிறைவதற்கு முன்பே தந்தையை இழந்து அரசரானார். அவருக்காக அன்னையார் ஆக்னெஸ் ஆட்சியை நடத்தினார். 1062ஆம் ஆண்டில் கொலோன் நகரத்துப் பேராயர் அன்னோ, சிறுவரான அரசரைப் படகேற்றிக் கவர்ந்து சென்று, ஆட்சியைத் தம் கைக்கொண்டார். ஆயர் ஒருவராலேயே கடத்தப்பட்ட அவ்விளைஞர், ஆயர்களைத் தம் ஆட்சிக்குள் வைத்திருக்க விரும்பியதில் வியப்பில்லை. கிரிகோரியின் இயற்பெயர் ஹில்டபிராண்டு. பல போப்பாண்டவர்களுக்கு உறுதுணையாக உரோமையில் பணியாற்றியவர். 1073ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மக்களின் ஆரவாரத்துக்கிடையே போப்பாண்டவரானார். அரசரின் வயது அப்பொழுது 22.

அவ்வாண்டிலேயே ஹென்றி அவருக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பணிவே உருவான கடிதம் அது. இளமையின் மயக்கத்தாலும் தீயோர் அறிவுரையாலும் தவறிவிட்டதாகவும், திருச்சபைப் பதவிகளைத் தகாதவர்க்கு விற்றதாகவும் அரசர் அதில் ஒப்புக்கொள்கிறார். தம்மைத் திருத்துமாறு வேண்டுகிறார். தமக்கு முன்னிருந்த போப்பாண்டவர்களுக்கு எந்த அரசரும் இத்துணைக் கனிவோடு எழுதியதாக நினைவில்லை என்று கிரிகோரி மகிழ்ந்தார். ஆனால் அக்கடிதம் எழுதப்பெற்ற காலத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். அப்பொழுது வடக்கே சாக்சனி நாட்டார் அரசரை எதிர்த்துக் கிளர்ந்திருந்தனர். உள்நாட்டில் பகை சூழ்ந்திருக்க, உரோமையிலும் பகை தேடிக்கொள்ள அரசர் விரும்பவில்லை. பணிவு முழுதும் பொய் என்று நாம் கூறவேண்டுவதில்லை. ஆயினும் தேவையும் அதனோடு கலந்திருந்தது.

1075ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஹென்றி சாக்சனியரை வென்றார். வென்றபின் எழுத்தின் குரலும் மாறியது. மிலான் நகரின் பேராயர் பதவிக்குத் தாம் விரும்பிய ஒருவரை அமர்த்தினார். இத்தாலியிலேயே வேறு இரண்டு நகரங்களுக்கும் போப்பாண்டவர் முகமறியாத மனிதரை ஆயராக்கினார். சபைவிலக்குப் பெற்ற அறிவுரையாளர்களையும் தம்மோடு வைத்துக்கொண்டார். சபைவிலக்கு என்பது ஒருவரைத் திருச்சபையின் வழிபாட்டினின்றும் கூட்டுறவினின்றும் அகற்றிவைத்தலாகும்.

அவ்வாண்டு டிசம்பரில் கிரிகோரி எழுதிய கடிதமே பூசலின் முதற்கணை. அதன் விளியைக் கேளுங்கள். அரசர் ஹென்றிக்கு வாழ்த்தும் ஆசியும் கூறப்படுகின்றன. ஆனால் அவற்றோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ அரசர்க்குத் தகுந்தவாறு அவர் திருத்தூதரின் பீடத்துக்குக் கீழ்ப்படிவாராயின் இந்த ஆசி அவருக்கு உரியது என்பதே அந்நிபந்தனை. வாழ்த்திலேயே ஓர் ‘ஆயின்’ நுழைந்துவிட்டது! கடிதத்தின் உள்ளே, இனிய சொற்களைச் சொல்லிவிட்டுச் செயலில் மாறுபடுவதேன் என்ற கேள்வி வருகிறது. பதவியளிப்பைப் பற்றிய ஆணை கடுமையாகத் தோன்றினால் அறிஞரை அனுப்புக, பேசித் தீர்க்கலாம் என்று கதவும் திறந்துவைக்கப்படுகிறது. ஆனால் இறுதியில், வெற்றியால் செருக்குற்று வீழ்ந்த இசுரவேல் மன்னர் சவுலின் நினைவு வருகிறது. வென்று மீண்ட அரசருக்கு அவ்வுவமை எத்துணைக் கசந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அக்காலக் கடிதங்கள் எவ்வாறு சென்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நலம். தலைவர் சொல்ல எழுத்தர் தோலில் எழுதுவார். போப்பாண்டவரின் மடலில் ஈயமுத்திரை தொங்கும்; அரசரின் மடலில் மெழுகுமுத்திரை பதியும். தூதர் அதனை எடுத்துச் சென்று, அவையோர் கேட்க உரத்துப் படிப்பார். ஆதலின் ஒருவர்க்கு எழுதிய கடிதம் உண்மையில் ஓர் அவைக்கே எழுதியதாகும். எழுத்தில் அடங்காத செய்தியைத் தூதர் வாய்மொழியாகச் சொல்வார். கிரிகோரியின் தூதர்கள் 1076ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோஸ்லர் நகரில் அரசரைக் கண்டபொழுது, திருந்தாவிடின் சபைவிலக்கு வரும் என்ற எச்சரிக்கையையும் வாய்மொழியாகத் தெரிவித்தனர். ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வரும் கடிதத்துக்கு விடை சேரப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியில் சினம் ஆறுவதும் உண்டு, வளர்வதும் உண்டு. இம்முறை வளர்ந்தது.

1076ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், ரைன் ஆற்றங்கரையிலுள்ள வொர்ம்ஸ் நகரில் ஜெர்மானிய ஆயர்கள் பலர் கூடினர். கிரிகோரிக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று அவர்கள் எழுதிக் கையொப்பமிட்டனர். அரசரும் தம் பெயரால் கடிதம் எழுதினார். அக்கடிதம் இரண்டு வடிவங்களில் கிடைத்துள்ளது. உரோமைக்கு அனுப்பிய வடிவம் ஓரளவு அடக்கமானது. மற்றொன்று மிகக் கடுமையானது. ஜெர்மனியில் பலரும் கேட்கவேண்டும் என்ற நோக்கத்தோடு அது பரப்பப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அதன் விளியில் அரசர் தம்மைக் குறிக்கும்பொழுது, வலிந்து கைப்பற்றாமல் இறைவன் ஏற்பாட்டால் அரசரானவர் என்று குறிக்கிறார். எதிரில் இருப்பவரையோ கிரிகோரி என்று அழைக்கவே இல்லை. ஹில்டபிராண்டு என்ற பழைய பெயரால் அழைத்து, போப்பாண்டவர் என்பதை மறுத்து, போலித் துறவி என்கிறார். பதவியைப் பறிப்பதற்கு முன்பே பதவிப் பெயரைப் பறித்துவிட்டார்! திருநிலை பெற்ற அரசரைத் தீர்ப்பிடத்தக்கவன் இறைவன் ஒருவனே என்பது அக்கடிதத்தின் வாதம். பீடத்தை விட்டு இறங்குக என்ற ஆணையோடு அது முடிகிறது.

அரசரின் செய்தியை உரோமைக்குக் கொண்டுசென்றவர் ரோலண்டு என்னும் குருவானவர். பிப்பிரவரியில் கிரிகோரியின் தலைமையில் கூடியிருந்த பேரவையில் அவர் செய்தியைச் சொன்னவுடன், கூட்டத்தார் வாளுருவி அவர்மீது பாய்ந்தனர் என்றும், கிரிகோரியே இடைபுகுந்து காத்தார் என்றும் அக்கால வரலாறுகள் கூறுகின்றன. அரசரின் அன்னையார் ஆக்னெஸ் அப்பொழுது அரசவாழ்வைத் துறந்து உரோமையில் வாழ்ந்துவந்தார். அவரும் அப்பேரவையில் இருந்தார். தம் மகனைப் பற்றிய தீர்ப்பை அத்தாய் தம் செவியாலேயே கேட்க நேர்ந்தது.

அத்தீர்ப்பின் வடிவம் வியப்புக்குரியது. அது அரசரை நோக்கி எழுதப்பெறவில்லை. திருத்தூதர் பேதுருவை விளித்துச் சொல்லும் ஒரு வேண்டுதலாக அமைந்தது. ஹென்றி விளியிலே கிரிகோரியின் பெயரை மறுத்தார். கிரிகோரியோ ஹென்றியை விளிக்கவே மறுத்தார். பேதுருவிடம் பேசுவதுபோல், ஹென்றியின் ஆட்சியுரிமையை நீக்குவதாகவும், அவருக்கு மக்கள் செய்துகொடுத்த உறுதிமொழியினின்று எல்லாரையும் விடுவிப்பதாகவும், அவரைச் சபையினின்று விலக்குவதாகவும் அறிவித்தார். இவற்றுள் இரண்டாவது கூறே மிக வலிமையானது. அக்காலத்து அரசியல், எழுதிய சட்டத்தைக் காட்டிலும் ஆணையிட்டுக் கொடுத்த உறுதிமொழியின்மீதே நின்றது. அந்த ஆணை அவிழ்ந்தால் அரசு என்னும் கட்டடமே அவிழ்ந்துவிடும். அம்புரோஸ் கோயில் வாயிலில் நிறுத்திய கோட்டை, கிரிகோரி அரண்மனைக்குள்ளும் கொண்டுசென்றார்.

ஹென்றி வாளாவிருக்கவில்லை. தம் நாட்டு ஆயர்களை மீண்டும் கூட்ட அழைத்து ஒரு கடிதம் எழுதினார். இறைவன் ஆட்சியை ஒருவரிடம் வைக்காமல் அரசு, குருத்துவம் என்னும் இருவகையில் பகுத்துவைத்தான். ஹில்டபிராண்டு இரண்டையும் தாமே கைப்பற்றி இறைவனின் ஒழுங்கைக் குலைத்துவிட்டார் என்பது அதன் சாரம். ஜெலாசியசின் பழைய கருத்து இங்கே அரசர் கையில் படைக்கலமாவதைக் காண்கிறோம். ஆயினும் அப்படைக்கலம் அன்று பயன்படவில்லை. சாக்சனியர் மீண்டும் கிளர்ந்தனர். ஆயர்கள் ஒவ்வொருவராக நழுவினர். அக்டோபரில் திரிபூர் என்னுமிடத்தில் கூடிய கோமக்கள், ஓராண்டுக்குள் சபைவிலக்கை நீக்கிக்கொள்ளாவிடில் ஹென்றியை அரசராக ஏற்பதில்லை என்றனர். அவரைப் பற்றிய வழக்கைத் தீர்க்க 1077ஆம் ஆண்டுப் பிப்பிரவரியில் ஆக்ஸ்பர்க் நகருக்கு வருமாறு போப்பாண்டவரையும் அழைத்தனர்.

பின்னர் நிகழ்ந்ததை நீங்கள் வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். கடுங்குளிரில், மனைவி பெர்த்தாவுடனும் சிறு மகனுடனும் ஹென்றி ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். இத்தாலியில் மெட்டில்டா என்னும் கோமகளுக்கு உரிய கனோசாக் கோட்டையில் கிரிகோரி தங்கியிருந்தார். 1077ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் மூன்று நாள் அரசர் அக்கோட்டை வாயிலில் நின்றார். அரச உடையின்றி, வெறுங்காலுடன், கம்பளி ஆடை அணிந்து, அழுது நின்றார். மெட்டில்டாவும், ஹென்றியின் ஞானத்தந்தையான குளூனி மடத்துத் தலைவர் ஹியூகோவும் அவருக்காகப் பரிந்து பேசினர். இறுதியில் சபைவிலக்கு நீங்கியது.

இந்நிகழ்ச்சியை நாம் அறிவது பெரும்பாலும் கிரிகோரியின் கடிதத்தால்தான். அது ஜெர்மானியக் கோமக்களுக்கு எழுதப்பட்டது. அதில் அவர் தம்மைப் பற்றிய குறையையும் மறைக்காமல் எழுதுகிறார். அருகிலிருந்தோர் தம் மனவன்மையைக் கண்டு வியந்தனர் என்றும், இது திருத்தூதரின் கண்டிப்பன்று, கொடுங்கோலனின் கொடுமை என்று சிலர் கதறினர் என்றும் குறிப்பிடுகிறார். ஏன் இவ்வாறு எழுதினார்? கோமக்கள் அவரை ஆக்ஸ்பர்க்கில் எதிர்பார்த்திருந்தனர். தங்களைக் கலந்துகொள்ளாமல் அரசரை மன்னித்துவிட்டாரே என்று வெகுள்வர். நான் எளிதில் மன்னிக்கவில்லை, எல்லாரும் வற்புறுத்தியபின்பே இரங்கினேன் என்று அவர்களுக்கு உணர்த்தவேண்டிய தேவை இருந்தது. கனோசா வாயிலில் நின்ற அரசரின் அவலத்தை விரித்துரைக்கும் கடிதம், எழுதியவரின் தற்காப்பும் ஆகும். கண்ணீரின் பின்னே கணக்கும் இருந்தது. அதனால் கண்ணீர் பொய்யாகிவிடாது; ஆனால் கணக்கை மறந்து படிப்போர் கடிதத்தைப் பாதியே படித்தவராவர்.

அமைதி நீடிக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் கோமக்கள் ருடோல்ப் என்பவரை எதிரரசராகத் தேர்ந்தனர். 1080ஆம் ஆண்டில் கிரிகோரி மீண்டும் ஹென்றிக்குச் சபைவிலக்கு விதித்தார். ஹென்றி தம் பங்குக்கு ரவென்னாப் பேராயரை எதிர்ப்போப்பாகத் தேர்ந்தெடுக்கச் செய்தார். அரசர்க்குப் போட்டி அரசர், போப்பாண்டவர்க்குப் போட்டிப் போப்பாண்டவர் என நாடு இரண்டுபட்டது.

இச்சூழலில் 1081ஆம் ஆண்டு மார்ச்சில், மெட்ஸ் நகர ஆயர் ஹெர்மனுக்குக் கிரிகோரி நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அரசரைச் சபையினின்று விலக்கப் போப்பாண்டவர்க்கு உரிமை இல்லை என்று சொல்வோர்க்கு என்ன விடை கூறுவது என்று ஆயர் கேட்டிருந்தார். கிரிகோரி பழைய சான்றுகளைத் திரட்டித் தருகிறார். தியோடோசியசைத் திருத்திய அம்புரோசை எடுத்துக்காட்டுகிறார். ஜெலாசியசின் கடிதத்தையும் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் குருமாரின் சுமை பெரிது என்ற பகுதியை எடுத்தவர், பொது ஒழுங்கில் ஆயர்களும் பேரரசரின் சட்டத்துக்குக் கீழ்ப்படிகின்றனர் என்ற பகுதியை விட்டுவிட்டார். அதனோடு நில்லாமல், அரசர்களின் ஆட்சி மனிதரின் செருக்கினின்றும் கொள்ளையினின்றும் கொலையினின்றும் தோன்றியது என்றும் எழுதினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஹென்றி அதே துலாக்கோலின் ஒரு தட்டை எடுத்தார். இப்பொழுது கிரிகோரி மற்றொரு தட்டை எடுத்தார். பழைய கடிதம் ஒன்றுதான், படித்தவர் இருவர், இருவரும் தமக்கு வேண்டியதையே அதில் படித்தனர்.

இருவர் முடிவும் துயரமானதே. 1084ஆம் ஆண்டில் ஹென்றி உரோமையைக் கைப்பற்றித் தம் எதிர்ப்போப்பின் கையால் பேரரசராக முடிசூடினார். கிரிகோரிக்குத் துணையாக வந்த நார்மானியப் படை, அவரை மீட்டதோடு நில்லாமல் நகரையும் சூறையாடியது. மக்களின் வெறுப்புக்கு ஆளான கிரிகோரி, அப்படையோடு தெற்கே சென்று, 1085ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் சலேர்னோ நகரில் உயிர் நீத்தார். ஹென்றியை 1105ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மகனே சிறைப்பிடித்து முடியைத் துறக்கச் செய்தான். சபைவிலக்குப் பெற்ற தந்தைக்கு அடங்கி நடத்தல் தகாது என்பது மகன் கூறிய காரணம். அப்பொழுது ஹென்றி, தம் ஞானத்தந்தையான ஹியூகோவுக்கும் பிரெஞ்சு அரசர் பிலிப்புக்கும் எழுதிய கடிதங்கள் உள்ளன. வொர்ம்ஸ் கடிதத்தின் முழக்கம் அவற்றில் இல்லை. மகனை நம்பிச் சென்றதும், அவன் ஏமாற்றியதும், சிறையில் பட்ட அல்லலும் ஒரு முதியவரின் குரலில் சொல்லப்படுகின்றன. 1106ஆம் ஆண்டில் அவர் இறந்தார். சபைவிலக்கு நீங்காமையால், அவர் உடல் 1111ஆம் ஆண்டு வரை முறைப்படி அடக்கம் பெறவில்லை.

தந்தையைத் திருச்சபையின் பெயரால் வீழ்த்திய மகன் ஐந்தாம் ஹென்றி, தாம் அரசரானபின் என்ன செய்தார்? 1111ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கலையே சிறைப்பிடித்து, மோதிரமும் கோலும் அளிக்கும் உரிமையை வலிந்து எழுதி வாங்கினார்! வலிந்து வாங்கிய எழுத்து நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே திருச்சபையின் பேரவை அதனைத் தள்ளிவிட்டது.

இறுதியில் 1122ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அமைதி பிறந்தது. பிறந்த இடம், ஹில்டபிராண்டே இறங்குக என்ற ஆணை எழுந்த அதே வொர்ம்ஸ் நகரம். அமைதியின் வடிவம் இரண்டு எழுத்துகள். ஒன்று பேரரசர் ஐந்தாம் ஹென்றி எழுதித் தந்தது. மற்றொன்று போப்பாண்டவர் இரண்டாம் கலிக்ஸ்துஸ் எழுதித் தந்தது. மோதிரத்தாலும் ஆயர்கோலாலும் பதவியளிக்கும் வழக்கத்தைப் பேரரசர் விட்டுக்கொடுத்தார். ஆயர் தேர்தல் தடையின்றி நடக்கும் என்றும் உறுதி கூறினார். ஜெர்மானிய நாட்டில் அத்தேர்தல் பேரரசரின் முன்னிலையில் நடக்கலாம் என்றும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் நிலத்தையும் உலகியல் உரிமைகளையும் பேரரசரிடமிருந்து செங்கோலின் வழியாகப் பெறலாம் என்றும் போப்பாண்டவர் இசைந்தார். ஆயர்கோல் வேறு, செங்கோல் வேறு என்று தெளிய ஏறக்குறைய 50 ஆண்டுப் பூசல் வேண்டியிருந்தது. பேரரசர் தந்த மூல ஏடு இன்றும் வத்திக்கானில் உள்ளது.

முன்னைய கடிதங்களுக்கும் இவ்விரண்டு எழுத்துகளுக்கும் உள்ள வேற்றுமையை நோக்குங்கள். முன்னையவை, எதிரிலிருப்பவர் எதை இழக்கவேண்டும் என்று சொன்னவை. இவையோ, எழுதுபவர் தாம் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று சொல்பவை. எதிரியின் பெயரை மறுத்தெழுதிய கடிதம் போரைக் கொணர்ந்தது. எதிரியை அவர்க்குரிய பெயரால் அழைத்தெழுதிய ஏடு அமைதியைக் கொணர்ந்தது. இதனால் எல்லாப் பூசலும் ஓய்ந்துவிடவில்லை. பிற்கால நூற்றாண்டுகளிலும் அரசர்களும் போப்பாண்டவர்களும் மோதினர். ஆயினும் உலகியல் ஆட்சிக்கும் சமய ஆட்சிக்கும் எல்லை வகுக்கலாம், அவ்வெல்லையை எழுத்தில் நிறுத்தலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி ஏற்பட்டது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இக்கடிதங்கள் தரும் விடை யாது? தவறிழைத்த ஆட்சியாளரைத் தட்டிக்கேட்க ஒருவர் இருத்தல் வேண்டும். அம்புரோசின் கடிதம் அதற்குச் சான்று. தட்டிக்கேட்பவர் தாமே ஆட்சியாளராகிவிடாமல் தடுக்க ஓர் எல்லையும் வேண்டும்; கிரிகோரிக்கும் ஹென்றிக்கும் நேர்ந்த முடிவு அதற்குச் சான்று. இரண்டையும் சேர்த்துச் சொன்னது ஜெலாசியசின் துலாக்கோல். அதன் இரண்டு தட்டுகளையும் ஒருசேரத் தூக்கிப் பார்க்க எவரும் முன்வராமையால், நாடுகள் குருதி சிந்தின.

வரலாறு பயிலும் மாணவர்கள் பழங்கடிதம் ஒன்றைக் கையில் எடுக்கும்பொழுது சில வினாக்களை மறவாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். எழுதியவர் எதிரிலிருப்பவரை எவ்வாறு விளிக்கிறார்? பெயர் குறித்த ஒருவரையன்றி வேறு யார் கேட்பதற்காக இது எழுதப்பட்டது? எழுதிய நாளில் அவருக்கு என்ன நெருக்கடி இருந்தது? பழைய சான்றை எடுத்துக்காட்டினால், அச்சான்றில் அவர் விட்டுவிட்ட பகுதி எது? ஹென்றியும் கிரிகோரியும் ஜெலாசியசின் கடிதத்தைப் பாதி பாதியாகப் படித்தனர். நாமேனும் அதனை முழுதும் படிப்போமாக.